ஈரத்தில் அடித்த மணி

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று எல்லா வீட்டிலும் அடிக்கிற முழு மணி. அதை யார் வேண்டுமானாலும் எடுப்போம். மற்றொன்று மழைக்காலத்தில் மட்டும் வரும். பாதி மூச்சில் கிர்ர் என்று தொடங்கி, முடிக்க மனமில்லாமல் நின்று, மறுபடி கிர்ர் என்னும். தகரத்தில் யாரோ நகத்தால் கீறுவது போல.

அந்தப் பாதி மணி அடித்தால் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று வேலை. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வருவாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து புழக்கடைக்குப் போவார், கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தொடங்குவார். நான் முன்னறையில் என் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே காது இல்லாதவனாகி விடுவேன். வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருக்கும். கிணற்றடித் தொட்டி ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கும். அதற்குள் அப்பா மேலும் மேலும் இறைத்து ஊற்றுவார்.

அது அக்காவின் மணி என்று நாங்கள் நம்பினோம்.

அக்கா எனக்கு மூத்தவள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூட வேலை பார்த்த புன்னக்காயல்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். நாங்களோ முட்டைகூட வாசல்படி ஏறாத சைவ வீடு. முக்கூடல் பக்கம் இருந்த வயல் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு மிச்சமிருந்தது சைவ வீடு என்ற அந்த நினைப்பு ஒன்றுதான். அவள் போன மறுநாள் காலையில் அப்பா குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டு வந்தார். செத்தவர்களுக்காக முங்குகிற முழுக்கு. உயிரோடு இருக்கிற மகளுக்காக முங்கி, ஈர வேட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்து அம்மா தெரிந்துகொண்டாள்.

இரண்டு பேரும் பம்பாய்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஒருமுறை புன்னக்காயலுக்குப் போய் விசாரித்தேன். எங்கள் ஊரைத் தாண்டி வந்த தாமிரபரணி அங்கே போய், தான் ஆறு என்பதையே மறந்துவிட்டுக் கடலாகிக் கிடந்தது. அக்கா வீட்டுக்காரருடைய அம்மா வலை காயும் முற்றத்தில் நின்றாள். “எங்களுக்கும் காயிதம் ஒண்ணும் இல்ல தம்பி. ஒங்க வீட்டுக்குத்தான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்” என்றாள். நாங்கள் அவர்களுக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தோம்.

அந்த வருஷத்து மழையில்தான் முதல் பாதி மணி. அம்மா எடுத்தாள். இரைச்சல். “யாரு?” என்றாள். இரைச்சல். கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டே நின்றவள், குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, நீயா?” என்றாள். அந்த நேரம் பார்த்து இரைச்சல் கூடியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு மழையிலும் பேச்சுதான்.

“ஏட்டி, இன்னைக்குச் சொதி வச்சேன். முருங்கைக்காய் போன தடவை மாதிரி நாரா இல்ல. நீ அங்கன தேங்காய்க்கு என்ன செய்யுத? … அழாத. அப்பா எந்திரிச்சுப் போயாச்சு. கெணத்தடியில நிக்காவ. மழையில தண்ணி எறைக்காவ, கேட்டியா, யாருட்டயாவது சொன்னா சிரிக்க மாட்டாங்களா. நீ பைய பேசு. பேச வரலைன்னா சும்மா கேளு.”

நான் ஒருநாள் கேட்டேன், “ஏம்மா இந்த மணி மட்டும் இப்படி மெதுவா அடிக்கு?”

“தூரத்துல இருந்து வருதுல்லா” என்றாள். “வந்து சேர்றதுக்குள்ள களைச்சுப் போகுது.”

நானும் ஒரு தடவை வாங்கிக் கேட்டிருக்கிறேன். பெரிய ஓட்டல் அடுக்களையில், காய்ந்த தோசைக்கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் எழும் ஸ்ஸ்… அது ஓயாமல். அதற்கு அடியில், எட்டாத ஆழத்தில், ஏதோ ஒரு மனிதக் குரலின் துணுக்கு. வார்த்தையாக அது வரவில்லை, வெறும் குரலாக வந்தது. நான் கவிதை எழுதுகிறவன். எனக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அக்கா மூச்சு விடுகிறாள் என்று எழுதியே வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கவிதை சோறு போடாததால் முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரை, துணிக்கடை நோட்டீஸ். பிறகு சென்னையிலிருந்து ஒரு நல்ல வேலை வந்தது. பழைய கோர்ட் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்து அன்றன்றைக்குக் கம்பி வழியே அனுப்ப வேண்டும். மோடம் என்கிற பெட்டி சாதாரண போன் லைனில் கத்திக் கத்தித்தான் எழுத்துகளை அனுப்பும். எழுத்தைக் கூச்சலாக்கி அனுப்பினால் அந்தப் பக்கத்தில் கூச்சலை மறுபடி எழுத்தாக்குவார்கள். வெயில் காலத்தில் அது எப்படியோ நடந்தது. மழை பிடித்தால் கூச்சல் பாதியிலேயே தொண்டை அடைத்து நின்றுபோகும். ஒரு தீர்ப்பு போய்ச்சேர ஒரு பகல் ஆகும். “லைனை மாத்துங்க, இல்லைன்னா வேலையை வேற ஊருக்குக் குடுக்க வேண்டியதுதான்” என்று சென்னைக்காரர் சொல்லிவிட்டு, ரவுட்டர் என்ற பெட்டியைத் தெர்மோகோலில் பொதிந்து அனுப்பிவைத்தார். அதை மாட்ட டிஜிட்டல் லைன் வேண்டும். ஐ.எஸ்.டி.என். என்றார்கள். அதே செம்புக் கம்பிதான். ஆனால் கூச்சல் கிடையாது, எழுத்து எழுத்தாகவே போகும். ஒரே ஜோடிக் கம்பியில் ஒரு பக்கம் வேலை போகும்போதே மறுபக்கம் பேசவும் செய்யலாம்.

விண்ணப்பித்த பிறகு டெலிபோன் ஆபீசிலிருந்து ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. என்பார்கள், ஸ்கூட்டரில் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, தான் சொல்வதற்குத் தானே முதலில் சிரித்துவிடுகிற ஆள்.

“ஒம்ம தெருவுக்குக் காலி ஜோடியே இல்ல வே” என்றார் என்னிடம். “இருக்க ஜோடியைத்தான் டிஜிட்டலாக்கணும். ஆனா நம்பர் போயிரும். டிஜிட்டலுக்குன்னு வேற வரிசை.”

நான் அம்மாவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் அவருக்கான காப்பி.

“அப்ப பழைய நம்பருக்கு யாரும் கூப்பிட்டா?” என்றாள்.

“ஒரு பொம்பளக் குரல் சொல்லும்மா. நம்பர் மாறியாச்சு, இதுதான் புது நம்பர்னு. தமிழ்ல, இங்கிலீசுல, இந்தில.”

“இந்திலயுமா?”

“இந்திலயும்தான். நீங்க என்ன, டெல்லிக்காரங்களுக்குச் சொந்தமா?” சிரித்தார். காப்பியை வாங்கிக்கொண்டு மேலும் உற்சாகமானார். “இன்னொண்ணு இருக்கு, கேளுங்க. இந்த டிஜிட்டல் போன்ல சின்னக் கண்ணாடி ஒண்ணு இருக்கும். கூப்பிடுதவங்க நம்பர் அதுல வந்து நிக்கும். இனிமே யாரும் ஒங்ககிட்ட ஒளிஞ்சு வெளையாட முடியாது.”

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்கேற்றிய பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “நம்பர் தெரிஞ்சா ஊர் தெரியும்லா?” என்றாள்.

“தெரியும்.”

“தெருவு?”

“விசாரிச்சா கண்டுபிடிக்கலாம்.”

“அப்ப மாத்து” என்றாள். அதற்குப் பிறகு அந்த லைன் என்னைவிட அவளுக்குத்தான் அவசரமாக இருந்தது. காலையில் காப்பி கொடுக்கும்போதே, “ஜே.இ. எப்ப வாராராம்?” என்று ஆரம்பித்துவிடுவாள்.

போன் அப்பா பேரில் இருந்தது. பழைய இணைப்பை ஒப்படைக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகா ஆபீசில் ஆயுள் முழுக்க அடுத்தவர் காகிதங்களை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டவர். இதைப் படிக்கவே இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “அந்தக் குரல் எத்தனை நாளைக்குச் சொல்லும்லே?” என்று கேட்டார்.

“சில மாசம் சொல்லும்பா.”

தலையை ஆட்டிவிட்டுப் போட்டார். அவர் எந்தக் குரலைக் கேட்கிறார், அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே பிறகு வெகுநேரம் ஆயிற்று. ஜே.இ. அதைச் சொன்னபோது அப்பா புழக்கடையில் இருந்தார்.

சோதனை பார்க்க ஜே.இ. வந்த நாள், முந்தைய நாள் பெய்த மழையில் தெரு கழுவி விட்டது போல இருந்தது. எங்கள் சுவரிலிருந்து கம்பியைப் பிரித்து மீட்டரில் மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இந்த ஜோடி குளிச்சிட்டு நிக்கி வே. டிஜிட்டலுக்கு இவ்வளவு ஈரம் ஆகாது. பேச்சுன்னா எப்படியும் தட்டுத் தடுமாறிப் போயிரும். இது அப்படி இல்ல. சுத்தமா இருந்தாத்தான் வரும்.”

கம்பி போகிற வழியே தேடிக்கொண்டு போனோம். தெரு முடிந்து, பாளையங்கால்வாய்க் கரை. கார் நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நீர் விட்டிருந்தார்கள். கால்வாய் மண் நிறத்தில் விளிம்பு தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு சிமெண்டுப் பலகையை ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். உள்ளே ஒரு குழி. குழி நிறையத் தண்ணீர். வாளியால் இறைத்து ஊற்றிய பிறகு, கேபிள்கள் வந்து கூடுகிற இடத்தில், மூடி வெடித்த ஒரு கறுப்புக் கட்டி தெரிந்தது. பிரித்தார்கள். உள்ளே கம்பிகளின் தலைமுடி. சில இடங்களில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு நத்தைகூட இருந்தது.

ஜே.இ. குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“ஒம்ம வீட்டுல மழை பெஞ்சா மணி சும்மா சும்மா அடிக்கும்லா?”

நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

“மெல்ல அடிக்கும். எடுத்தா ஒண்ணும் இருக்காது, இரைச்சல்தான். சரியா? அங்கன பாரும், ஒம்ம ஜோடியும் அந்தப் பக்கத்து ஜோடியும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்கு. காஞ்சு கெடந்தா வம்பில்ல. தண்ணி ஏறினா அவனுக்கு வார மணி ஒமக்கும் கொஞ்சம் கசியும்.”

“யாரு அது, பக்கத்து ஜோடி?”

“உரக்கடை. மார்க்கெட் பக்கத்துல இருக்காருல்லா. மழை விழுந்தா பிசான நடவு. நடவுன்னா அவனவன் உரத்துக்குப் போன் போடுவான். ஒம்ம வீட்டு மணி ஒமக்கா அடிச்சிருக்கு? யூரியாவுக்குல்லா அடிச்சிருக்கு.” அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்த அண்ணாச்சி வருஷா வருஷம் எங்கிட்ட சண்டை. ‘சார், எத்தனை மூடைன்னு கேக்க முடியலை, லைன்ல யாரோ ஒரு அம்மா சொதி வைக்கதப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்காவ’ங்காரு. நான் அவருக்குக் காது சரியில்லைன்னுல்லா நெனச்சேன்.”

கால்வாயில் ஒரு வாழைமட்டை மிதந்து வந்தது. மதகில் முட்டி, சுற்றி, தயங்கி, மறுபடி போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன வே, மூஞ்சி இப்படிப் போச்சு? ஒரு மணி நேரத்துல சரி பண்ணிரலாம்.”

“ஒண்ணுமில்ல சார்.”

சரி பண்ணிவிட்டார்கள். பச்சை பிடித்ததை வெட்டி எறிந்து, புதுக் கம்பி சேர்த்து, மெழுகு போன்ற ஒன்றை ஊற்றி, தண்ணீர் எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டினார்கள். அன்று மத்தியானமே எங்கள் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறியது. அதில் பச்சை விளக்கு ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் ரவுட்டருக்கு, இன்னொன்று கண்ணாடி வைத்த புதுப் போனுக்கு. பழைய போனைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சென்னைக்கு இணைத்துப் பார்த்தேன். மோடத்தின் அலறலுக்குப் பழகிய காது காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. விளக்குகள் மட்டும் துடித்தன. ஒரு முழுத் தீர்ப்பு, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டது.

இவ்வளவு சுத்தமான மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கார்த்திகை பிறந்தது. மழை கடல் பக்கமிருந்து ஏறி வந்து ஊர் மேல் உட்கார்ந்துகொண்டது. அம்மா புதுப் போனுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே அரிசியில் கல் பொறுக்கினாள், அங்கேயே கீரை ஆய்ந்தாள். மணி வந்தால் எடுக்காமல் முதலில் கண்ணாடியைப் பார்ப்பாள். எண்ணை வாய்விட்டுப் படிப்பாள். “இது எந்த ஊரு?” என்பாள். “சென்னைம்மா, எனக்குத்தான்.” “இது?” “இங்கனதான், அத்தை வீடு.” ஒவ்வொரு தடவையும் அவள் முகம் ஏறி இறங்கும். அப்பா தன் இடத்தில் பேப்பரோடு. பக்கம் புரளும் சத்தம் வெகு அபூர்வமாகத்தான் கேட்கும். அவருக்கு எழுந்து போகக் காரணம் இல்லாமல் போயிற்று. கிணற்றுத் தொட்டி மழைநீரால் மட்டும் நிறைந்து கிடந்தது.

அந்த மழைக்காலம் அப்படியே முடிந்துவிடும் போலிருந்தது. நான் சொல்லாமல் இருந்தேன். ஒரு மணி நின்றுபோனது என்ற வருத்தம், அந்த மணி என்றைக்குமே இல்லை என்ற வருத்தத்தைவிடச் சின்னது என்று கணக்குப் போட்டேன். அம்மா வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா இலையில் தண்ணீர் தெளித்தாள், சோறு வைத்தாள், குழம்பை ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள்.

“நீங்க முங்கினது பலிச்சிட்டு” என்றாள்.

அப்பா நிமிர்ந்தார்.

“எந்த வருஷமும் மழைக்குத் தப்பாம கூப்பிடுதவ. இந்த வருஷம் ஒரு தடவைகூட இல்ல. அவ இல்ல. போய்ட்டா. நீங்க அன்னைக்கே முங்கிட்டிய. நாந்தான் இன்னும் முங்கல.” குரல் உயரவில்லை. கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். “இவனைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு ஆத்துக்குப் போறேன். எள்ளு இருக்கு வீட்டுல.”

அப்பாவின் கை இலையின் விளிம்பில் நின்றது.

நான் முன்னறையிலிருந்து எழுந்து வந்தேன். நின்றபடியே சொன்னேன். கால்வாய்க் கரைக் குழி, தண்ணீர், சாய்ந்து கிடந்த கம்பிகள், உரக்கடை எல்லாம். நத்தையைக்கூடச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அது அவ இல்ல.”

“இல்லம்மா.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட இல்லம்மா.”

அவள் முகத்தில் முதலில் வந்தது அழுகை இல்லை. எனக்கு அதை எந்தச் சொல்லில் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. சுமையை இறக்கி வைத்தவள் முகம் அது. “அப்ப அவளுக்கு ஒண்ணும் ஆகலை” என்றாள். “கூப்பிடவே இல்ல, அவ்வளவுதான. கூப்பிடாம எத்தனையோ பிள்ளைக இருக்கு. உசுரோட இருக்கும்.” தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். குழம்பை எடுத்து அப்பாவின் இலையில் ஊற்றினாள். பாதி ஊற்றும்போதே கை நின்றுவிட்டது.

“அப்ப நான் சொன்னது?”

அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வான்னு சொன்னேனே. போன வருஷம் சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன். அப்பா முங்கினதையே மறந்துட்டாவ, ஒண்ணும் சொல்ல மாட்டாவ, ஒன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நில்லு, போதும்னு சொன்னேன். வரலையேன்னு ரெண்டு வருஷமா அவ மேல கோவமா இருந்தேன்.” இப்போதுதான் குரல் உடைந்தது. “அவளுக்கு அது போகவே இல்லையா? வரச் சொன்னதே அவளுக்குத் தெரியாதா?”

குழம்பு இலையைத் தாண்டித் தரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கையால் தடுத்தார்.

“நான் மறந்துட்டேன்னா சொன்ன?” என்று கேட்டார்.

“ஆமா.”

தடுத்த குழம்பை இலைக்குள் வழித்து விட்டார்.

“சரியாத்தான் சொல்லிருக்க” என்றார்.

அந்த வாரமே நான் மறுபடி புன்னக்காயலுக்குப் போனேன். அந்தம்மா எங்கள் புது எண்ணை அடுப்புக்கரியால் உள்சுவரில் பெரிதாக எழுதிக்கொண்டாள். “காயிதம் வந்தா மொதல்ல இதைத்தான் எழுதிப் போடுவேன்” என்றாள். அவளுக்கும் இன்னும் வரவில்லை. இங்கே அப்பா வேறொன்று தொடங்கியிருந்தார். காலையில் குளித்துத் திருநீறு பூசியதும் புதுப் போனில் எங்கள் பழைய எண்ணைச் சுழற்றுவார். சுழற்ற ஒன்றுமில்லை, அழுத்துவார். அவருக்கு அந்தச் சொல்தான். அந்தக் குரல் இன்னும் சொல்கிறதா என்று பார்ப்பார். தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றையும் கடைசிவரை நின்று கேட்பார்.

“என்ன சொல்லுதா?” என்பாள் அம்மா.

“நம்ம நம்பரை நமக்கே சொல்லுதா.”

“நல்லா விளங்கும்படியாச் சொல்லுதாளா?”

“டீச்சர் மாதிரி சொல்லுதா.”

சொன்ன பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

தை போயிற்று, மாசி போயிற்று. சித்திரை வெயிலில் ஒருநாள் காலை அப்பா எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் வரவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது. எங்கள் எண், வேறு எங்கோ, வேறு யார் வீட்டிலோ அடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன்.

“ஹலோ, யாரு?” ஓர் ஆண் குரல். பின்னால் தறிச் சத்தம்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மறுபடி, “யாரு பேசுதது? இது மேலப்பாளையம்.”

“நான் பாளையங்கோட்டையில இருந்து…” அப்பா போனை நெருங்கிக் குனிந்தார். “இந்த நம்பர் முன்னால எங்க நம்பரா இருந்தது.”

“அப்படியா அண்ணாச்சி. எங்களுக்கு நேத்துதான் லைன் குடுத்தாங்க. மொத போனே நீங்கதான். ஏதும் பாக்கி கீக்கி இருக்கா?” சிரித்தார்.

“அதெல்லாம் இல்ல. ஒரு ஒத்தாசை. எம் மக வெளியூர்ல இருக்கா. அவளுக்கு இந்த நம்பர்தான் தெரியும். கூப்பிட்டான்னா… நம்பர் மாறிட்டுன்னு…” வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. “வீட்டுக்கு வரச் சொன்னாங்கன்னு சொல்லணும்.”

தறிச் சத்தம் நின்றது. அவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருக்க வேண்டும்.

“சொல்லுதேன் அண்ணாச்சி. யாரு சொன்னாங்கன்னு கேட்டா?”

“அப்பா சொன்னான்னு சொல்லுங்க.”

“நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். புள்ள பேரு?”

அப்பா பேரைச் சொன்னார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அந்தப் பக்கத்தில் அவர் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லி, தன் வீட்டுப் பெண்களுக்கும் உரக்கச் சொல்வது கேட்டது. “இந்தப் பேருல ஒரு அக்கா கூப்பிட்டா உடனே என்னைக் கூப்பிடணும், கேட்டியளா.” பிறகு எங்களிடம் திரும்பினார். “எங்க மச்சான் ஒருத்தன் சவூதி போயி நாலஞ்சு வருஷமா இப்படித்தான் அண்ணாச்சி. வீட்டுல மாமி ஒவ்வொரு போனுக்கும் எந்திரிச்சு வாராவ. எனக்குத் தெரியும். புள்ள கூப்பிட்டா அடுத்த நிமிஷம் ஒங்களுக்குப் போன் வரும், இன்ஷா அல்லாஹ். கூப்பிடலைன்னாலும் அப்பப்ப ஒரு போன் போட்டுச் சொல்லிரவா? ஒங்களுக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்.”

அப்பா யோசித்தார். ஸ்பீக்கரில் காற்று மட்டும் வந்தது. இரைச்சல் இல்லாத, ஈரம் இல்லாத, சுத்தமான காற்று.

“வேண்டாம்” என்றார். “வரலைன்னா சொல்ல வேண்டாம். வந்தா மட்டும் கூப்பிடுங்க.”

“சரி அண்ணாச்சி. அப்படியே செய்யுதேன்.”

அவர் சொன்ன சொல் மாறாத மனிதர். அதற்குப் பிறகு எத்தனையோ பிசானம் நட்டு அறுத்தாயிற்று. அந்தக் கண்ணாடியில் எத்தனையோ எண்கள் வந்து நின்றுவிட்டுப் போயின, சென்னை, மதுரை, அத்தை வீடு, ஆஸ்பத்திரி. எங்களுடையதாக இருந்த அந்த எண் மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை.